ஒரே சீனி, வேறு வேறு வாசல்கள்

கிண்ணியாவில் உயர்தர உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "சேர், குளுக்கோசு கலத்துக்குள் போவது வசதிப்படுத்தப்பட்ட பரவல் என்று ஓரிடத்தில் படித்தேன். உயிர்ப்பான கொண்டுசெல்லல் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எதை எழுதுவது? இன்னொன்று, எங்கள் உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். இரத்தத்தில் இவ்வளவு சீனி இருந்தும் ஏன் எந்நேரமும் களைப்பு என்கிறார்? இப்போது கொடுத்திருக்கும் புதுக் குளிசை சீனியைச் சிறுநீரோடு வெளியே விடுமாம். அது எப்படி?"

இரண்டும் சரி, மகள். எந்தக் கலம், அந்தக் கலத்தின் எந்தப் பக்கம் என்று கேள்வியில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் விடை எழுத வேண்டும். குளுக்கோசு எங்கும் ஒரே குளுக்கோசுதான். அது நுழையும் வாசல்தான் இடத்துக்கு இடம் வேறு. அந்த வாசல்கள் புரதங்களால் ஆனவை. எந்த வாசல், எந்தப் பக்கம், எத்தனை என்ற மூன்றையும் பிடித்துக்கொண்டால் உங்கள் பாடமும் உம்மம்மாவின் குளிசையும் ஒரே கதையாகிவிடும். திருகோணமலையில் நெடுங்காலம் மருத்துவ ஆய்வுகூடத்தில் குருதியும் சிறுநீரும் சோதித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், வாசல் எதற்கு? அடுப்படியில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். தேங்காய் எண்ணெயில் ஒரு கரண்டி சீனி போட்டுக் கலக்குங்கள். எவ்வளவு கலக்கினாலும் அது அடியில்தான் கிடக்கும். அதே சீனியைத் தேநீரில் போட்டால் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். சீனி மூலக்கூறில் ஐதரொட்சைல் கூட்டங்கள் நிறைய. குளுக்கோசில் மட்டும் ஐந்து. அவை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எண்ணெயோடு ஒட்டாது. கலமென்சவ்வோ பொசுபோலிப்பிட்டு இரண்டு அடுக்காக அடுக்கிய ஒரு படலம். அதன் நடுப்பகுதி முழுக்க எண்ணெய்த் தன்மை. மொத்தத் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர்தான், ஆனாலும் குளுக்கோசுக்கு அது பெரிய மதில். புரதத்தின் உதவி இல்லாமலும் ஒன்றிரண்டு கசியும், ஆனால் அதை நம்பி எந்தக் கலமும் வாழ முடியாது. செங்குருதிக் கலத்தில் இருக்கும் வாசல்புரதம், குளுக்கோசு தானாகக் கசியும் வேகத்தைப்போல் ஏறத்தாழ 50,000 மடங்கு வேகத்தில் அதை உள்ளே விடுகிறது.

வாசல் என்றவுடன் மென்சவ்வில் போட்ட ஒரு ஓட்டையை நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் இதுதான். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்துவது எனக்குச் சுகம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நகரத்துக்கு வர இந்த வழியில் பாதைதான் இருந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குப் பாதை என்றால் வீதி. எங்களுக்கு அது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. பாதை இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரைக்காரர் காத்திருக்க வேண்டும். அங்கே போய்விட்டால் இங்கே காத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கரைக்கும் திறந்திருப்பது பாலம் மட்டுமே. மென்சவ்வில் சோடியம், பொற்றாசியம் போன்ற அயன்கள் ஓடும் கால்வாய்ப் புரதங்கள் பாலத்தைப்போல. திறந்தால் செக்கனுக்கு ஒரு கோடி அயன்கூடக் கடந்துவிடும். சீனியைக் கடத்தும் புரதங்கள் பாதையைப்போல. ஒரு தரத்துக்கு ஒரு மூலக்கூறு, செக்கனுக்கு ஏறத்தாழ ஆயிரம்.

இன்னொன்றும் பாதையைப்போலவே நடக்கும். பெருநாளுக்கு முதல் நாள் கரையில் வாகன வரிசை எவ்வளவு நீண்டாலும் பாதை ஒரு மணித்தியாலத்தில் ஏற்றக்கூடியது இவ்வளவுதான் என்று ஒன்று இருந்தது. வரிசை இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்காகாது. குளுக்கோசின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் கடத்தும் வேகமும் ஓரளவுவரை கூடி, பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடுவது இதனால்தான். அதைத்தான் நிரம்பல் என்று எழுதுகிறீர்கள். புரதத்தின் உதவியில்லாத எளிய பரவலில் இந்த நிரம்பல் இல்லை. வரைபுக் கேள்வி வந்தால் இரண்டையும் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் வேறில்லை.

ஆனால் பாதை உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. பாதை கரைவிட்டுக் கரை போகும், புரதம் அப்படிப் போவதில்லை. ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் சீனியைச் சுமந்துகொண்டு மென்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்வரும் காவி ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். புரதம் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, ஒரு தரம் வெளிப்பக்கம், ஒரு தரம் உட்பக்கம் என்று மாறி மாறித் திறக்கலாம் என்ற எண்ணத்தை 1966 இல் ஒலெக் யார்டெட்ஸ்கி தெளிவாக எழுதினார். அது உண்மைதான் என்பதை மனிதனின் குளூட்-1 புரதத்தில், அதாவது செங்குருதிக் கலத்தில் இருக்கும் அந்தக் குளுக்கோசு வாசலில், அணு அணுவாகக் காட்டும் படம் வர 2014 ஆகிவிட்டது. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் நியெங் யானின் குழு அந்தப் புரதத்தைப் பளிங்காக்கி அதன் அமைப்பை வெளியிட்டது.

அந்த அமைப்பைக் கையாலேயே காட்டலாம். கும்பிடுவதுபோல் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து, நடுவில் ஒரு நெல்லிக்காயை வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிகள் ஒட்டியிருக்கட்டும், மணிக்கட்டுகள் மட்டும் விலகட்டும். இப்போது நெல்லிக்காய் கீழ்ப்பக்கமாக விழும். அடுத்து மணிக்கட்டுகளை ஒட்டவைத்து விரல் நுனிகளை விரியுங்கள். இப்போது மேலிருந்து ஒன்றைப் போடலாம், கீழே வழியில்லை. குளூட்-1 செய்வது இதுதான். 492 அமினோவமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி மென்சவ்வைப் பன்னிரண்டு தரம் குறுக்கே கடக்கிறது. ஆறு சுருள் ஒரு கை, ஆறு சுருள் மற்றக் கை. நடுவில் ஒரு குளுக்கோசுக்கு மட்டும் இடம். அதன் ஐதரொட்சைல் கூட்டங்களைப் பிடிக்கும் அமினோவமிலங்கள் அங்கே அதனதன் இடத்தில் காத்திருக்கின்றன. வலது கால் செருப்பு இடது காலுக்குப் பொருந்தாததுபோல், குளுக்கோசின் கண்ணாடி விம்பமான எல்-குளுக்கோசு அந்த இடத்தில் பொருந்தாது. அணுக்கள் எல்லாம் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, ஆனாலும் வாசலில் அனுமதி இல்லை.

இதற்குக் கலம் சக்திக்காகச் செலவழிக்கும் ஏ.ரி.பி. என்ற மூலக்கூறு செலவில்லை. கைகள் இரண்டு பக்கமும் தாமாக ஆடிக்கொண்டே இருக்கின்றன. எந்தப் பக்கம் குளுக்கோசு கூடவோ அந்தப் பக்கத்திலிருந்து கூட ஏறும், அவ்வளவுதான். வசதிப்படுத்தப்பட்ட பரவல் என்பது இதுதான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்து நம்பியதைவிட, வேலையில் கண்டு நம்பியது கூட. வேலை பழகிய காலத்தில் ஓரிடத்தில் காலையில் எடுத்த குருதி மாதிரி ஒன்று சாதாரணக் குழாயில் மதியம்வரை மேசையில் கிடந்துவிட்டது. சீனியின் அளவு பார்த்தபோது, அந்த ஆளுக்கு நம்ப முடியாத அளவு குறைவு. அவரைத் திரும்பக் கூப்பிட்டு, புதிதாகக் குருதி எடுத்து உடனே பார்த்தால் அளவு சரியாக இருந்தது. குழாய்க்குள் என்ன நடந்தது? உடம்பைவிட்டு வெளியே வந்தபிறகும் செங்குருதிக் கலங்கள் உயிரோடுதான் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்தின் மேலும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் குளூட்-1 வாசல்கள். அவற்றைத் திறக்க இன்சுலின் வேண்டியதில்லை. சுற்றியிருக்கும் திரவத்திலிருந்து குளுக்கோசு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், கலம் அதை உடைத்துச் செலவழித்துக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம்வரை சீனி இப்படிக் குறையும். சீனி பார்க்கும் குருதியைச் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுப்பது இதற்காகத்தான். அதிலுள்ள சோடியம் புளோரைட்டு வாசலை அடைப்பதில்லை. உள்ளே குளுக்கோசை உடைக்கும் பாதையில் ஒரு நொதியத்தை நிறுத்துகிறது. செலவு நின்றால் வரவும் அடங்கிவிடும்.

அந்தக் கடைசி வசனத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. குளூட் வாசல் இரண்டு பக்கமும் ஆடுவது என்றால், உள்ளே போன குளுக்கோசு திரும்ப வெளியே வந்துவிடாதா? வரும். அதனால்தான் கலத்துக்குள் நுழைந்த கையோடு எக்சோகைனேசு என்ற நொதியம் அதன்மேல் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடுகிறது. குளுக்கோசு-6-பொசுபேற்றை எந்தக் குளூட் வாசலும் ஏற்காது. ஆகவே அது உள்ளேயே இருக்கும். உள்ளே தனிக் குளுக்கோசின் செறிவு குறைந்தே இருப்பதால் வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஈரலில் அந்தப் பொசுபேற்றைக் கழற்றும் நொதியம் நிறைய உண்டு. அதனால் நோன்பு நேரத்தில் ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோசை எடுத்து அதே வாசலால் குருதிக்கு விடும். தசைக்கு அந்த நொதியம் இல்லை. தசை சேர்த்துவைத்தது தசைக்கு மட்டுமே.

மனிதரில் குளூட் குடும்பத்துப் புரதங்கள் பதினான்கு. எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டாம். ஐந்தை விளங்கிக்கொண்டால் போதும். குளூட்-1 செங்குருதிக் கலத்திலும், குருதியிலிருந்து மூளைக்குப் போகும் எல்லையிலும் இருக்கிறது. குளூட்-3 நரம்புக் கலங்களின் மேல். இவை இரண்டும் குறைந்த செறிவிலேயே குளுக்கோசை இறுக்கிப் பிடிக்கும். சீனி சற்றுக் குறைந்தாலும் மூளைக்குப் பங்கு கிடைத்துவிடும். குளூட்-2 ஈரலிலும், எலிகள் முதலிய விலங்குகளில் சதையியின் இன்சுலின் சுரக்கும் கலங்களிலும் முக்கிய வாசல். அது பிடி தளர்ந்தது. குருதியின் சாதாரண அளவான லீற்றருக்கு 5 மில்லிமோல் என்ற அளவில் அது நிரம்பாது. சாப்பிட்டபின் அளவு கூடக் கூட அதன் வேகமும் கூடும். நிறைய வந்தால் நிறைய எடுத்துச் சேர்த்துவைக்க வேண்டிய ஈரலுக்கு இப்படி ஒரு வாசல்தானே வேண்டும். குளூட்-5 பெரும்பாலும் பிரக்டோசுக்கு. நாம் தேநீரில் போடும் சீனி சுக்குரோசு. அது அப்படியே குடலால் உறிஞ்சப்படுவதில்லை. குடற்சுவரில் உள்ள நொதியம் அதைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் வெட்டியபிறகு ஒவ்வொன்றும் தன் தன் வாசலால் போகும். குளூட்-4 உம்மம்மாவின் கதையில் வரும்.

குளூட்-1 எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் மரபணுவில் பழுதோடு பிறக்கும் குழந்தைகள் சிலர் உண்டு. 1991 இல் டி விவோவும் அவரோடு வேலை செய்தவர்களும் அதை முதலில் விவரித்தார்கள். அந்தக் குழந்தைகளின் குருதியில் சீனி சரியாக இருக்கும், மூளையைச் சுற்றியுள்ள பாய்மத்தில் குறைவாக இருக்கும். வலிப்பு வரும், வளர்ச்சி பின்தங்கும். மருந்தாகக் கொடுப்பது கொழுப்புக் கூடிய, மாப்பொருள் மிகக் குறைந்த சாப்பாடு. கொழுப்பிலிருந்து ஈரல் செய்யும் கீற்றோன்கள் வேறொரு வாசலால் மூளைக்குள் போகும். பழுதான வாசலைச் சரிசெய்யாமலே மூளைக்குச் சாப்பாடு போய்ச் சேர்கிறது. எனக்கு இதை நினைத்தால் இன்றும் மனம் நெகிழும்.

சரி, சக்தி செலவழித்து, செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குக் கடத்தும் உயிர்ப்பான கொண்டுசெல்லல் எங்கே வருகிறது? குடலில். சாப்பிட்டுச் சிலமணி நேரம் கழிந்து, குடலில் மிஞ்சியிருக்கும் குளுக்கோசு குருதியில் இருப்பதைவிடக் குறைந்துவிட்டது என்று வையுங்கள். அங்கே குளூட் வாசல் மட்டும் இருந்திருந்தால், சாப்பிட்ட சீனியின் மிச்சம் மலத்தோடு போயிருக்கும். கடைசித் துளிவரை வழித்தெடுக்க, குடலின் உட்சுவரை மூடியிருக்கும் மேலணிக் கலம் வேறொரு புரதத்தை வைத்திருக்கிறது. அதன் பெயர் எஸ்.ஜி.எல்.ரி-1. சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்துக் கடத்துவது. இரண்டு சோடியம் அயன் ஏறினால்தான் ஒரு குளுக்கோசு உள்ளே போகும். உணவுப் பக்கம் சோடியம் மிகக் கூட, கலத்துக்குள் மிகக் குறைவு. பள்ளத்தை நோக்கி ஓடும் தண்ணீர்போல் சோடியம் உள்ளே ஓடப் பார்க்கும். அந்த ஓட்டத்தில் குளுக்கோசு தொற்றிக்கொண்டு மேட்டில் ஏறிவிடும். வடக்கே உப்புவெளிக்குப் போய்ப் பாருங்கள், ஊரின் பெயரிலேயே உப்பு. குடலில் சீனியை இழுப்பதும் அந்த உப்புத்தான்.

அப்படியானால் ஏ.ரி.பி. எங்கே செலவாகிறது? எஸ்.ஜி.எல்.ரி-1 இல் இல்லை. கலத்தின் மறுபக்கத்தில், குருதியைப் பார்த்த பக்கத்தில், சோடியம்-பொற்றாசியம் பம்பி இருக்கிறது. ஒரு ஏ.ரி.பி.க்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். அது உள்ளே சோடியத்தைக் குறைவாக வைத்திருப்பதால்தான் இந்தப் பக்கம் சோடியம் ஓடிவருகிறது. செலவு அங்கே, வேலை இங்கே. அதனால் இது இரண்டாம்நிலை உயிர்ப்பான கொண்டுசெல்லல். இப்படி உள்ளே குவிந்த குளுக்கோசு குருதிப் பக்கத்துச் சுவரில் உள்ள குளூட்-2 வழியாக வசதிப்படுத்தப்பட்ட பரவலால் இறங்கிவிடும். ஆக, நீங்கள் கேட்ட இரண்டு விடையும் ஒரே கலத்தில், எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கின்றன. பரீட்சையில் ஒரு மேலணிக் கலம் வரைந்து, குடற்பக்கச் சுவரில் ஒன்று, குருதிப்பக்கச் சுவரில் மற்றது, பக்கத்திலேயே பம்பி என்று குறித்துவிடுங்கள். அதற்குமேல் பெரிதாக எழுதத் தேவை வராது.

சோடியமும் குளுக்கோசும் சோடியாகப் போகின்றன என்ற கருத்தை 1960 இல் பிராக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ரொபேட் கிறேன் முன்வைத்தார். எஸ்.ஜி.எல்.ரி-1 இன் மரபணுவைக் கண்டுபிடிக்க 1987 வரை போயிற்று. ஏர்னெஸ்ற் ரைற்றின் குழு செய்த வேலை அது. ஆனால் மரபணு கிடைக்கும் முன்பே அந்த வாசல் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்துவிட்டது. கொலரா வந்தவரின் குடல் தண்ணீரையும் உப்பையும் கொட்டிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது, வெறும் உப்புத் தண்ணீரும் பெரிதாக உதவாது, ஏனென்றால் சோடியம் உள்ளே போகும் சாதாரண வழியைக் கொலரா நச்சு முடக்கிவிடுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.ரி-1 முடங்குவதில்லை. உப்போடு சீனியையும் கொடுத்தால் அந்த வாசலால் இரண்டும் உள்ளே போகும், அவற்றுக்குப் பின்னால் தண்ணீரும் போகும். 1971 இல் வங்காள அகதிகள் எல்லை கடந்து வந்தபோது, இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் உள்ள பொங்காவில் டாக்டர் திலீப் மகாலனாபிசு நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோன நிலையில் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை வாயால் குடிக்கக் கொடுத்தார். முப்பது வீதம்வரை இருந்த இறப்பு, அந்தக் கரைசல் குடித்தவர்களில் 3.6 வீதத்துக்கு இறங்கியது.

நம் கடைகளில் ஜீவனி என்று வாங்குவது அதன் வழிவந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் 2002 இல் திருத்திய அளவில் ஒரு லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். மோல் கணக்கில் சோடியமும் குளுக்கோசும் சமம், இரண்டும் 75 மில்லிமோல். பைக்கற் கைவசம் இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அளவு பிசகக் கூடாது. பிள்ளைக்கு இனிப்பாக இருக்கட்டும் என்று சீனியைக் கூட்டினால் வாசல் நிரம்பி, மிஞ்சிய சீனி குடலுக்குள்ளேயே நின்று தண்ணீரை வெளியே இழுக்கும். வயிற்றோட்டம் கூடும். சோடா கொடுப்பதும் அதே பிழை. செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் குறைவு. வாசலுக்கு வேண்டியது சோடியம். வீட்டில் ஒரு சின்னப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்து வாந்தியும் சேர்ந்தபோது, ஒரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரவு முழுக்க ஊட்டியிருக்கிறோம். விடியும்போது வறண்டிருந்த நாக்கில் ஈரம் வந்தது. அழுதபோது கண்ணீரும் வந்தது. அந்தக் கண்ணீரைப் பார்த்தபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

இந்த வாசல்கள் மனிதனுக்கு மட்டும் உரியவையல்ல. பனையில் பாளை சீவும்போது சொட்டும் கருப்பநீர், மரத்தில் உணவைக் கடத்தும் உரியத்தில் ஓடும் சாறு. ஓலையில் ஒளித்தொகுப்பால் உண்டான சுக்குரோசு அந்த உரியத்துக்குள் ஏற, தாவரங்களுக்கும் புரத வாசல் உண்டு. சோடியத்துக்குப் பதிலாக ஐதரசன் அயனைச் சோடியாக வைத்துக்கொள்கின்றன. முட்டியில் சுண்ணாம்பு தடவாவிட்டால் மதுவம் என்ற நுண்ணுயிர் புகுந்து கள்ளாக்கிவிடும் அல்லவா, அந்த மதுவமும் சுக்குரோசை வெளியிலேயே வெட்டிவிட்டு, குளுக்கோசையும் பிரக்டோசையும் தன் வாசல்களால் உள்ளே எடுக்கும். அந்த வாசல்கள் நம் குளூட் புரதங்களின் தூரத்து உறவு, அதே பன்னிரண்டு சுருள். ஒரு பனைக்கும் முட்டிக்குள் கிடக்கும் மதுவத்துக்கும் நம் குருதிக்கும் இடையில் இப்படி ஒரு சொந்தம் இருப்பது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி உம்மம்மா. குருதியில் சீனி நிறைய இருப்பதும் கலத்துக்குள் சீனி இருப்பதும் ஒன்றல்ல. சாப்பிட்டபின் குருதிக்கு வரும் குளுக்கோசில் பெரும்பங்கை எடுக்க வேண்டியது தசை. தசையின் முக்கிய வாசல் குளூட்-4. மற்ற வாசல்கள் மென்சவ்விலேயே நிற்கும். குளூட்-4 அப்படியில்லை. இன்சுலின் குறைவாக இருக்கும் நேரத்தில் அதன் பெரும்பகுதி கலத்துக்குள் சிறு புடகங்களில் அடைபட்டிருக்கும். இன்சுலின் வந்து தசைக்கலத்தின் வெளியே தன் வாங்கியில் அமர்ந்ததும் உள்ளே செய்தி ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறிப் போய், அந்தப் புடகங்கள் மேற்பரப்புக்கு வந்து மென்சவ்வோடு இணைந்துவிடும். சில நிமிடங்களில் வாசல்களின் எண்ணிக்கை பல மடங்காகும். இன்சுலினைச் சாவி என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அந்த உவமை பிடிக்காது. சாவி என்றால் கதவு ஏற்கெனவே இருக்க வேண்டும். இன்சுலின் கதவைத் திறப்பதில்லை, உள்ளே கிடக்கும் கதவுகளைத் தூக்கிக்கொண்டுவந்து சுவரில் பொருத்தச் சொல்கிறது. இது 1980 இல்தான் தெரியவந்தது, அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே ஆண்டில் தனித்தனியாகக் கண்டார்கள்.

வயது போனபின் வரும் இரண்டாம் வகை நீரிழிவில் தசைக்குள் குளூட்-4 பெரும்பாலும் போதிய அளவு இருக்கும். அதை மேலே கொண்டுவரும் செய்திதான் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. வாசலுக்கு வெளியே சீனி தேங்கி நிற்க, உள்ளே தசைக்குப் பங்கு குறைகிறது. அளவு மிகக் கூடினால் சிறுநீரோடு தண்ணீரும் போய் உடல் வறளும், அதுவும் சேர்ந்துதான் களைப்பு. களைப்புக்கு இரத்தச்சோகை, தைரொயிட்டு என்று வேறு காரணங்களும் இருக்கலாம், அதை வைத்தியர் பார்க்கட்டும். ஆனால் ஒன்றை நீங்களே உம்மம்மாவிடம் சொல்லலாம். தசை சுருங்கும்போது, இன்சுலினின் செய்தி இல்லாமலே வேறொரு வழியால் குளூட்-4 மேலே வருகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களிலும் அந்த வழி பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. சாப்பிட்டபின் முற்றத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், காலின் தசை தன் வாசல்களைத் தானே மேலே எடுத்துக்கொள்ளும்.

குளிசைக்கு வருவோம். சிறுநீரகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் பாய்மத்தைக் குருதியிலிருந்து வடிக்கிறது. அதோடு ஏறத்தாழ 160 முதல் 180 கிராம் குளுக்கோசும் வடிந்து சிறுகுழாய்க்குள் வந்துவிடும். அவ்வளவும் வெளியே போனால் என்னாகும்? ஆகவே சிறுகுழாயின் தொடக்கத்திலேயே எஸ்.ஜி.எல்.ரி-2 என்ற வாசல் அதில் 90 வீதத்தைத் திரும்ப எடுத்துவிடும். மிச்சத்தைச் சற்றுத் தள்ளி எஸ்.ஜி.எல்.ரி-1 எடுக்கும். நல்ல சுகத்தோடு இருப்பவரின் சிறுநீரில் சீனி இல்லாததற்கு இதுதான் காரணம். குருதியில் அளவு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால் இந்த வாசல்கள் நிரம்பிவிடும். பாதையின் வரிசை ஞாபகம் இருக்கிறதா? ஏற முடியாமல் மிஞ்சியது சிறுநீரோடு போகும். சிறுநீர் இருந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை வைத்துச் சீனி வருத்தத்தை நம் முன்னோர் அறிந்தது இதனால்தான்.

புதுக் குளிசை இந்த எஸ்.ஜி.எல்.ரி-2 வாசலை மறிக்கிறது. கதை நீண்டது. 1835 இல் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1886 இல் வொன் மேரிங், அதைக் கொடுத்தால் சிறுநீரில் சீனி போவதைக் கண்டார். ஆனால் அது குடலின் வாசலையும் சேர்த்து மறிக்கும், குடலிலேயே உடைந்தும் போகும், ஆகவே மருந்தாகவில்லை. சிறுநீரக வாசலை மட்டும் மறிக்கும்படி அதன் அமைப்பை மாற்றிச் செய்தவைதான் டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்றவை. 2012 க்குப் பிறகு பாவனைக்கு வந்தன. நீரிழிவுக்காரரில் நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம்வரை குளுக்கோசு இப்படி வெளியேறும். அதில் ஏறத்தாழ 300 கலோரியும் போகிறது. வாசலை முழுக்க மறித்தும் ஏன் 160 கிராமும் போவதில்லை என்றால், கீழே நிற்கும் எஸ்.ஜி.எல்.ரி-1 தன்னால் முடிந்ததைப் பிடித்துக்கொள்கிறது. சீனிக்காகச் செய்த இந்த மருந்து இதயச் செயலிழப்புக்கும் சிறுநீரக நோய்க்கும் நல்லது என்று பிறகு பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. இப்போது சீனி வருத்தம் இல்லாத இதய நோயாளருக்கும் கொடுக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியதும் உண்டு. சிறுநீரில் எப்போதும் சீனி இருப்பதால் அந்த இடத்தில் பங்கசு வளர இலகு. சுத்தம் முக்கியம், சொறிச்சல் வந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து சாப்பிட முடியாத நாளிலும், நோன்பு பிடிக்கும் காலத்திலும் இந்தக் குளிசையை எப்படி எடுப்பது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுவையுங்கள். நீர் வறட்சியும், அரிதாகக் கீற்றோன் கூடுவதும் அந்த நாட்களில்தான் வரும். தானாக நிறுத்தவும் வேண்டாம்.

கடைசியாக, நான் இருந்த மேசையிலிருந்து ஒன்று. இந்தக் குளிசை எடுக்கும் ஒருவரின் சிறுநீரை, சீனி இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கியபோது நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கட்டி நிறத்தில் வீழ்படிவு திரண்டது. குருதியிலோ வெறும் வயிற்றில் சீனி 110 மில்லிகிராம்தான். அவர் பயந்துபோனார். மருந்து வேலை செய்கிறது என்பதைத்தான் அந்தச் சிவப்புக் காட்டியது. உம்மம்மாவின் சிறுநீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது குளிசையின் பெயரையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.